செருகிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்

நல்லூர்க் கோயிலில் கொடி ஏறிவிட்டால் ஊருக்குள் வந்திறங்கும் பயணப்பெட்டிகளில் சேலையும் சொக்லேட்டும் மட்டும் வருவதில்லை. பாரிசில் அண்ணன் மகன் பாவித்து ஒதுக்கிய மடிக்கணினி, சூரிச்சில் சித்தப்பாவின் கந்தோர் கழித்துவிட்ட மடிக்கணினி, ரொறன்ரோவில் பழுதாகாமலே பழசாகிப் போன மடிக்கணினி என்று ஒன்றிரண்டு அவற்றுள் இருக்கும். 25 நாள் திருவிழாவும் முடிந்து உறவுகள் திரும்ப விமானம் ஏறும்போது இந்தக் கணினிகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கு ஒன்று, கம்பஸ் போகும் பிள்ளைக்கு ஒன்று. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குமேல் ஏறிய பிறகு, புதுக் கணினி வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கும் பெரிய செலவாகிவிட்டது. பாவித்த கணினிக்கு மதிப்புக் கூடியது.

அந்தக் கணினிகளுக்கு இப்போது வேறொரு சிக்கல். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினி என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். 2016இல் வாங்கிய 6ஆம் தலைமுறை ஐ5 கணினி ஒன்று, திரை நல்லது, கீபோர்ட் நல்லது, நினைவகம் 8 ஜிபி என்று இருந்தாலும் அந்தக் கணக்கில் தேறாது. பொருளில் ஒரு குறையும் இல்லாமலே அது கழிவாகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடுவோமா என்று திருத்துகிற கடையில் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணை, வைஃபை பிடிக்காது. பிரின்டர் வராது. பேசாம விண்டோசே போட்டுத் தாறன்." தருகிற விண்டோசுக்கு உரிமம் இருக்கிறதா என்று நாங்களும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

அந்தப் பதிலில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க முடியும், அதுவும் காசு கொடுக்கும் முன்னரே. அதற்கு நிபுணர் தேவையில்லை. ஒரு பென் டிரைவும் அரை மணி நேரமும் போதும்.

பெயர் ஒன்று, சில்லு வேறு

கணினியிலும் சரி, அதில் செருகும் சாமானிலும் சரி, மேலே அச்சிட்டிருக்கும் பெயரை லினக்ஸ் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சில்லைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு எண் உண்டு. முதலாவது செய்த கம்பனியின் எண், இரண்டாவது அந்தச் சில்லின் எண். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட பெயர்பெற்ற செயலியின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். கணினி ஓடத் தொடங்கும்போது லினக்சின் கருவான கேர்னல் இந்த எண்களை வாசித்து, தன்னிடம் இருக்கும் டிரைவர்களில், அதாவது சில்லுகளை இயக்கும் நிரல்களில், பொருத்தமானதைத் தேடி எடுத்து மாட்டுகிறது. கிடைத்தால் வேலை செய்யும். கிடைக்காவிட்டால் அந்தச் சாமான் சும்மா கிடக்கும்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி, டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யுஎன்722என் என்ற சின்ன யூஎஸ்பி வைஃபை. உலகெங்கும் விற்ற சாமான் இது. இதன் முதலாம் பதிப்பில் இருந்தது ஏதரோஸ் ஏஆர்9271 என்ற சில்லு. லினக்சோடு இவ்வளவு சிநேகமான வைஃபைச் சில்லு குறைவு. அதன் டிரைவர் கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சில்லுக்குள் ஓடும் ஃபேர்ம்வெயாரின் மூல நிரலைக்கூட 2013இல் திறந்து கொடுத்தார்கள். ஆகவே செருகியவுடன் வேலை செய்யும், வேறெதுவும் இறக்க வேண்டியதில்லை. அதே பெயரில், அதே தோற்றத்தில் வந்த இரண்டாம் பதிப்பிலும் மூன்றாம் பதிப்பிலும் ரியல்டெக் சில்லு. அதற்கான டிரைவர் கேர்னலின் பரீட்சார்த்தப் பகுதியில் பல ஆண்டு கிடந்தது. ஒரு கணினியில் ஓடும், இன்னொன்றில் விட்டுவிட்டு ஓடும்.

முதலாம் பதிப்பை வாங்கியவர் "இதை வாங்கு, லினக்சில் அருமை" என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டு மூன்றாம் பதிப்பை வாங்கியவர் "லினக்ஸ் சரிவராது" என்று முடிவு கட்டியிருப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வித்தியாசம் இருந்தது, சாமானின் முதுகில் தொடரிலக்கத்துக்குப் பக்கத்தில் மிகச் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்த பதிப்பு எண்ணில். மாதிரியின் பெயரை மட்டும் சொல்லி எவரும் தரும் பரிந்துரையை நான் முழுதாக ஏற்பதில்லை. பதிப்பு என்ன, சில்லு என்ன என்று கேட்க வேண்டும்.

மடிக்கணினியிலும் இதே கதைதான். வைஃபைச் சில்லு இன்டெல் என்றால் கவலை மிகக் குறைவு. பழைய ஏதரோசும் நல்லது. புரோட்கொம் என்றால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். குறிப்பாகக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் 2013 முதல் 2017 வரையான மக்புக் எயர் கணினிகளில் அந்தச் சில்லுத்தான் இருக்கிறது. திறந்த டிரைவரால் அதை ஒழுங்காக ஓட்ட முடியாது, புரோட்கொம்மின் மூடிய டிரைவரை இறக்க வேண்டும். வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது? ஃபோனை வயரால் கணினியில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கணினி அதைச் சாதாரண இணைய வயராகவே எடுத்துக்கொள்ளும். டிரைவரை இறக்கிவிட்டு வயரைக் கழற்றிவிடலாம். இந்த ஒரு வழி தெரியாததால் நல்ல கணினிகள் பல "வைஃபை பிடிக்காது" என்று திரும்பப் போயிருக்கின்றன. 2018 முதல் வந்த, ரி2 சில்லுள்ள மக்புக்குகள் இன்னும் சிக்கலானவை. முதன்முதலாக லினக்சைத் தொடுகிறவருக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

அரை மணி நேரச் சோதனை

லினக்சின் வகைகளான லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் ஆகியவற்றை வட்டில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். கணினியின் வட்டில் இருக்கும் எதையும் இது தொடாது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது வென்டோய் என்ற கருவியால் லினக்ஸ் மின்டை ஏற்றிக்கொள்ளுங்கள். கணினியை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, இயக்கும்போதே லெனோவோ, டெல் என்றால் எஃப்12ஐயும், எச்பி என்றால் எஃப்9ஐயும் தட்டுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தெரிந்தால் இரண்டொரு நிமிடத்தில் முழு லினக்சும் திரையில்.

பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபைப் பட்டியலில் அக்கம்பக்கத்து இணைப்புகள் தெரிகின்றனவா? சத்தம் வருகிறதா, ஹெட்ஃபோனைச் செருகினால் ஸ்பீக்கர் நிற்கிறதா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்கிறதா? கமரா திறக்கிறதா? புரொஜெக்டர் வயரைச் செருகினால் படம் போகிறதா? ஆசிரியர்களுக்கு இது முக்கியம். கடைசியாக மூடியை மூடி, ஒரு நிமிடம் விட்டுத் திறங்கள். கணினி உறங்கி ஒழுங்காக விழிக்கிறதா என்று பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாங்கிய பிறகு தினமும் எரிச்சல் தருவது அதுதான். விரல்ரேகை வாசிப்பான் வேலை செய்யாமல் போக நல்ல வாய்ப்புண்டு. அதற்காக ஒரு நல்ல கணினியைக் கைவிட வேண்டாம்.

ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையைக் கொடுங்கள். யூஎஸ்பியில் செருகியது என்றால் எல்எஸ்யுஎஸ்பி (lsusb). கணினிக்குள் இருக்கும் அத்தனை சில்லும் எண்ணோடு வரிசையாக வரும். வேலை செய்யாத சில்லின் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு தேடினால், உலகத்தில் எங்கோ ஒருவர் அதே எண்ணோடு மல்லுக்கட்டித் தீர்வு கண்டிருப்பார். "லப்டொப்பில வைஃபை வேலை செய்யுதில்லை" என்று தேடினால் ஆயிரம் பதில் வரும், ஒன்றும் உதவாது. எண்ணைப் போட்டுத் தேடினால் இரண்டு பதில் வந்தாலும் உருப்படியானதாக இருக்கும்.

பிரான்சிலிருந்து வரும் கணினிகளில் இன்னொரு தலையிடி. கீபோர்ட்டில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும், எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். சுவிசிலிருந்து வருவதில் வையும் இசட்டும் மாறியிருக்கும். இதற்காகக் கணினியை ஒதுக்க வேண்டியதில்லை. அமைப்புக்குள் போய் ஆங்கில விசைப்பலகையைத் தெரிந்துவிட்டு, விசைகளின் மேல் ஒட்டி ஒன்றை ஒட்டினால் சரி. தமிழுக்கு இன்னும் வசதி. இலங்கையின் தர நியமமான எஸ்எல்எஸ் 1326இல் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99 இரண்டுமே லினக்சில் கிடைக்கின்றன. அரச கந்தோரில் ரெங்கநாதனில் தட்டிப் பழகியவரும், தமிழ்நாட்டு முறையில் பழகியவரும் ஒரே கணினியில் வேலை செய்யலாம்.

பிரின்டரும் ஸ்கானரும்

கடைக்காரர் சொன்னதில் உண்மையான பாதி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மூல நிரலை எவரும் வாசித்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான இயக்கமே ஒரு பிரின்டரில் தொடங்கியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்துக்குச் செரொக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரின்டர் கொடுத்தது. கடதாசி அடிக்கடி சிக்கியது. சிக்கியதை எல்லாருக்கும் அறிவிக்க ஒரு சின்ன மாற்றம் செய்ய ரிச்சட் ஸ்டோல்மன் விரும்பினார். மூல நிரலைக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்தக் கோபம் உள்ளே கிடந்து 1983இல் குனூ திட்டமாகவும், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையாகவும் வளர்ந்தது.

இன்று பிரின்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, பக்கத்தை அச்சுக்கு ஏற்றபடி ஆக்குவது யார் என்பது. மலிவான பல லேசர் பிரின்டர்களில் அந்த வேலையைக் கணினியிலுள்ள டிரைவர்தான் செய்கிறது. கெனன் எல்பிபி2900 அப்படிப்பட்டது. தெற்காசியாவெங்கும் கடைகளிலும் பாடசாலைகளிலும் ஓயாமல் உழைத்த இயந்திரம், அதில் ஐயமில்லை. ஆனால் அது பேசுவது கெனனின் சொந்த மொழி. கெனன் தந்த லினக்ஸ் டிரைவர் மூடியது. புதிய பதிப்புகளில் அதை நிறுவிக் கஷ்டப்பட்டவர்கள் பலர். எச்பி லேசர்ஜெட் 1020 இன்னொரு விதம். அதற்குத் தன்னுடைய ஃபேர்ம்வெயார் நினைவில் நிற்காது, ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினி அதை ஊட்டிவிட வேண்டும். எச்பியின் எச்பிஎல்ஐபி என்ற மென்பொருள் அதைச் செய்துவிடும், ஒரு மூடிய துணைநிரலை இறக்கச் சம்மதித்தால்.

புதிதாக வாங்குகிறவருக்கு வழி சுலபம். பெட்டியில் ஏர்பிரின்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஃபோனிலிருந்து டிரைவர் இல்லாமல் அச்சடிக்க 2010இல் அப்பிள் கொண்டுவந்த வழி அது. அதே வழியில் லினக்சும் டிரைவர் இல்லாமல் அச்சடிக்கும்.

ஸ்கானரைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்துக்காரருக்கு வேறொரு அக்கறையும் சேர்கிறது. 1981இல் எரிந்த பொது நூலகத்தில் 97,000 நூல்கள் போயின. தப்பியவை வீடுகளில் இருக்கின்றன. பழைய சஞ்சிகைகள், கோயில் மலர்கள், கல்வெட்டு என்று நாம் சொல்லும் நினைவு மலர்கள், கைப்பட எழுதிய குடும்பக் குறிப்புகள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இவற்றை எண்ணிமப்படுத்தும் பெரும்பணியை முன்னெடுத்து வருகிறது. அந்த எண்ணிம நூலகம் ஓடுவதே மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில். நிறுவனம் செய்யட்டும் என்று விட்டுவிடாமல், வீட்டில் இருக்கும் பெட்டியை நாமே திறக்கலாம். அதற்கு ஒரு ஸ்கானர் வேண்டும்.

லினக்சில் ஸ்கானர்களை இயக்குவது சேன் என்ற மென்பொருள். அதை ஆக்கியவர்கள் ஒரு பட்டியலை நெடுங்காலமாகப் பேணி வருகிறார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே முழுமை, நல்லது, அடிப்படை, ஆதரவில்லை என்று நேர்மையாகத் தரம் போட்டிருக்கிறார்கள். வன்பொருள் பட்டியல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கெனன் லைட் வரிசையில் 110, 210, 220, பின்னர் வந்த 300, 400 எல்லாம் சேனில் இயங்குபவை. மெல்லியவை, யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுப்பவை, மின்வெட்டு நேரத்திலும் மடிக்கணினியோடு சேர்ந்து ஓடுபவை. ஸ்கான் செய்ததை எழுத்தாக மாற்ற டெசரக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. அது தமிழும் வாசிக்கும். பழைய ஈய அச்சில் தடுமாறும், பிழைதிருத்தம் வேண்டும். ஆனாலும் முழுவதும் தட்டச்சுச் செய்வதைவிட வேலை பாதியாகக் குறையும்.

யாரை நம்புவது

எது ஓடும் என்று சொல்லும் பட்டியல்கள் ஒரே மனப்பாங்கில் எழுதப்பட்டவை அல்ல. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஆதரிக்கும் எச்-நோட் பட்டியல் மிகக் கண்டிப்பானது. மூடிய ஃபேர்ம்வெயார் ஒரு துளியும் இல்லாமல் இயங்கினால்தான் அதில் தேறும். அப்படிப் பார்த்தால் இன்றைய இன்டெல் வைஃபைச் சில்லுகள்கூடத் தேறா. டெபியன் சமூகமும் நெடுங்காலம் அந்தக் கண்டிப்பில் பாதியைக் கடைப்பிடித்தது. மூடிய ஃபேர்ம்வெயாரைத் தனியே தேடி இறக்க வேண்டியிருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதை நிறுவியோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனால் வீட்டில் ஒரே ஒரு கணினி இருக்கும் பிள்ளை, முதல் நாளே வைஃபை பிடித்தால்தான் அடுத்த நாளும் லினக்சில் இருப்பாள். டெபியன் எடுத்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். கண்டிப்பான பட்டியலும் இருக்கட்டும். எந்தக் கம்பனி எதைத் திறந்து கொடுக்கிறது என்பதை அதுதான் நேராகச் சொல்கிறது.

பாவனையாளர்களே தங்கள் கணினியைச் சோதித்து முடிவை அனுப்பும் பெரிய திரட்டு ஒன்றும் உண்டு. எச்டபிள்யு-புரோப் என்ற சின்ன நிரலை ஓட்டினால் கணினியிலுள்ள சில்லுகளையும், எதற்கு டிரைவர் கிடைத்தது என்பதையும் தொகுத்து, ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கி அனுப்பிவிடும். நீங்கள் வாங்கப் போகும் மாதிரியை ஏற்கெனவே யாரும் சோதித்தார்களா என்று அங்கே பார்க்கலாம்.

அரசு நினைத்தால் எவ்வளவு மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அனுபவம் இருக்கிறது. 2006 தொடக்கம் தமிழ்நாடு அரசின் எல்கொட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் தன் கந்தோர்களை லினக்சுக்கு மாற்றியது. இந்திய மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் பொஸ் லினக்ஸ் என்ற வகையை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு அதையும் சேர்த்தே கொடுத்தார்கள். கேரளத்துப் பாடசாலைகள் முழுக்கவே கட்டற்ற மென்பொருளுக்குப் போயின. லட்சக்கணக்கில் வாங்கும் அரசு "லினக்சில் ஓட வேண்டும்" என்று கேட்டால் விற்பவர் ஓடுகிற சாமானைத்தான் கொண்டுவருவார். இலங்கைக்கும் இந்தத் துறை புதிதல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இங்கே எழுதப்பட்ட சகானா என்ற கட்டற்ற மென்பொருள் உலகெங்கும் அனர்த்த நிவாரணத்துக்குப் போனது. 2006இல் ஸ்டோல்மனின் அறக்கட்டளையே அதற்கு விருது கொடுத்தது. மென்பொருள் எழுதத் தெரிந்த நாடு, வாங்கும் சாமானைச் சோதித்து வாங்கவும் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாப் பழைய கணினியையும் லினக்ஸ் காப்பாற்றாது. 32 பிட் கணினிகளை உபுண்டு எப்போதோ கைவிட்டது. 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13ஐ அவற்றில் புதிதாக நிறுவ முடியாது. 2 ஜிபி நினைவகத்தோடு இன்றைய இணையத்தைத் திறப்பது எந்த இயங்குதளத்திலும் சிரமம். ஆனால் 2012க்குப் பின்னர் வந்த, 4 ஜிபி உள்ள கணினி ஒன்றுக்கு, சுழலும் வட்டைக் கழற்றி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினால், படிக்கிற பிள்ளைக்கு இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் அதிபர்களிடமும் பழைய மாணவர் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்து பாடசாலைக்குக் கணினியோ பிரின்டரோ ஸ்கானரோ அனுப்பப் போகிறவர்களிடம் மாதிரி எண்ணையும் பதிப்பு எண்ணையும் முன்கூட்டியே கேளுங்கள். உள்ளூரில் விலைமனுக் கோரும்போது "லினக்சில் இயங்கிக் காட்ட வேண்டும்" என்ற ஒரு வரியைச் சேருங்கள். திருத்துகிற கடைத் தம்பிமாரே, உங்கள் மேசையைக் கடந்து போகும் அளவுக்குக் கணினிகளைப் பார்த்த அனுபவம் வேறு எவரிடமும் இல்லை. எந்த மாதிரியில் எது ஓடியது, எது ஓடவில்லை என்று ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வையுங்கள். கட்டற்ற மென்பொருளுக்கென்றே 2012 முதல் தமிழில் வெளிவரும் கணியம் போன்ற இதழ்களுக்கு அதை அனுப்புங்கள். அடுத்த கொடியேற்றத்துக்கு வரவிருக்கும் உறவுகள் கணினி கொண்டுவரட்டுமா என்று கேட்டால், அங்கேயே ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்டை ஏற்றிச் செருகிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.